மூன்று மாதம் கழித்து அளக்கவும்

முப்பத்தொரு வருஷம் கிருதுமால் ஓரம் அளந்தவன் நான்.
வரைபடத்தில் ஆறு.
நேரில் சாக்கடை, சில இடங்களில்
யாருடைய மாடிப்படிக்கோ அடியில் குனிந்து ஓடும்.
சங்கிலியின் மறுமுனையில் எப்போதும் ஒச்சப்பன்.
"சார், இங்ஙனதான் கல்லு கெடந்துச்சு" என்பான்.
அங்ஙன ஒரு கோழிக்கடை இருக்கும்.

இப்போது ராத்திரிக்கு நாலு தடவை எழுந்திருக்கிறேன்.
மூடியும் மூடாத குழாய்போல நின்று நின்று சொட்டுகிறது.

கே.கே. நகரில், மருந்துச் சீட்டின் பின்பக்கம்,
டாக்டர் ரஹ்மத்நிஷா ஒரு பெரிய நெல்லிக்காய் வரைந்தார்.
நடுவே ஒரு கோடு.
இது புராஸ்டேட். இது மூத்திரம் போகிற பாதை.
"வாய்க்கால் புறம்போக்கு" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை, ஒத்துக்கொண்டார்.
வயசானால் வாய்க்காலை ஒட்டிய வீடுகள் பெருக்கும்,
சன்ஷேடு நீளும், படி இறங்கும்,
தண்ணீர் திணறும்.
ஆனால் எல்லாம் தன் பட்டாவுக்குள்.
அதுவும் கட்டிதான். புற்று இல்லாத கட்டி.

மற்றது?

பேனா கோட்டை விட்டு விலகிப் போய்
காயின் தோலோரம் ஒரு புள்ளி வைத்தது.
மற்றது பெரும்பாலும் இங்கே.
வாய்க்காலுக்குத் தள்ளி. தண்ணீர் தடைபடாது,
ஆகவே யாரும் மனுக் கொடுக்க மாட்டார்கள்.
ஒரு செல் தன்னை நகல் எடுக்கும்போது ஓர் எழுத்துப் பிழை.
அந்த நகலுக்கு நகல், பிழைமேல் பிழை,
கடைசியில் 'போதும்' என்கிற வரி அழிந்துபோகும்.
சாக வேண்டிய நாளில் சாகாமல் இருந்துகொள்ளும்.
பத்து வருஷம், இருபது வருஷம்.
சிலது அப்படியே கிடக்கும்.
சிலது கல்லைத் தாண்டும்.
"தாண்டினால் எங்கே போகும்?"
"அதிகமாக எலும்புக்கு."

ஒச்சப்பனின் முதுகு.

சங்கிலி சுமந்த முதுகு என்றே நினைத்தோம்,
அவனும் நானும் அவன் சம்சாரம் பவுனுத்தாயும்.
விளக்குத்தூண் பக்கம் பெல்ட் வாங்கினோம்.
செக்கானூரணியில் எண்ணெய் போட்டு நீவினார்கள்.
நீவும்போது அவன் போட்ட சத்தத்துக்கு
"நல்லா நடிக்கிறான்டா" என்று ஒருத்தன் சிரித்தான்.
அந்த ஒருத்தன் நான்தான்.
பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்தபோது
தண்டுவடம் நெடுக வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருந்தது.
புராஸ்டேட் என்கிற சொல்லைப் பவுனுத்தாய்
எழுத்துக்கூட்டிப் படித்தது இறப்புச் சான்றிதழில்.

எனக்கு ரத்தத்தில் ஆறு புள்ளி எட்டு.
பன்னிரண்டு ஊசி குத்தினார்கள், இரண்டில் இருந்தது.
மூன்றும் மூன்றும் ஆறு, என்றார் டாக்டர்.
அதாவது ஸ்லைடில் இன்னும் தெரு தெரிகிறது,
வீட்டுக்கு வீடு சந்து இருக்கிறது.
நாலு என்றால் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும்.
ஐந்தில் தெருவே கிடையாது, வெறும் கூட்டம்.

"எடுத்துருங்க" என்றேன்.
"இப்போதைக்கு வேண்டாம். கவனித்துக்கொண்டிருப்போம்.
மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்கலாம்."

யாரிடம் சொல்கிறீர்கள், டாக்டர்.
'மூன்று மாதம் கழித்து அளக்கவும்' என்று
நான் எழுதி மூடிய கோப்புகளின் மேல்
இன்று மூன்று மாடி நிற்கிறது.

அவர் சொன்னார்:
"நீங்கள் திரும்பிப் போகவில்லை. நாம் போவோம்."

வீட்டுக்கு வந்து டைரியை எடுத்தேன்.
செப்டம்பர் பதினாலு, திங்கள். ரத்தம்.
சாப்பிட்டுவிட்டே போகலாம்.
அதற்கு முன் இரண்டு நாள் சைக்கிள் கூடாது.
கீழே ஒரு வரி விட்டு,
ஒச்சப்பன் மகன் காசி, வயது நாற்பத்தாறு இருக்கும்.
தகப்பனுக்கு இருந்தால் மகனுக்கும் பார்க்க வேண்டுமாம்.

அவன் நம்பர் என்னிடம் இருக்கிறது.
இரண்டு தடவை எடுத்து வைத்துவிட்டேன்.